கேமரா கடைக்குப் போகும் முன் பரணில் ஏறுங்கள்

பழைய குடும்ப ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது போட்டோ எடுக்கும் ஆசை பிடித்துக்கொள்வது ஒன்றும் அதிசயமில்லை, எனக்கும் அப்படித்தான் பிடித்தது. அப்படி ஆசை வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் மாறுவதே இல்லை: எந்தக் கேமரா வாங்கலாம்? எதையும் வாங்காதீர்கள், இரண்டு மாதத்துக்காவது. உங்களுக்கு அந்த ஆசையைக் கொடுத்த படங்கள் வீட்டிலேயே இருக்கின்றன, அவற்றை எடுத்தவர் அடுத்த அறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கலாம், கையில் போன் இருக்கிறது, தொடங்க அது போதும். ஒரே ஒரு நிபந்தனை: ஆல்பத்தை ஓரமாக வைத்துவிட்டு நெகட்டிவிலிருந்து, அதாவது கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் பதிந்திருக்கும் அந்த ஃபிலிம் துண்டிலிருந்து தொடங்குங்கள். ஆல்பம் என்பது வீட்டார் கூடிப் பொறுக்கி ஒட்டியது. படம் எடுத்தவர் என்ன பார்த்தார், எங்கே தடுமாறினார் என்பதெல்லாம் நெகட்டிவில்தான் இருக்கிறது.

முதலில் தேடல்

ஆல்பம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நெகட்டிவ் எங்கே என்றால் யாருக்கும் தெரியாது. 'அதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சே' என்பார்கள், நம்பாதீர்கள். பரண், பீரோ லாக்கர், எல்ஐசி பாலிசி வைத்திருக்கும் ஃபைல், தையல் மெஷின் இழுப்பறை, கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டி வைத்த மஞ்சப்பை, இவ்வளவையும் பார்த்துவிட்டு அப்புறம் இல்லை என்று முடிவு செய்யுங்கள். பெரம்பூரில் எங்கள் வீட்டில் அது ஒரு பிஸ்கட் டின்னில், பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. ஸ்டுடியோ கவர்கள் பதினேழு, ரப்பர் பேண்ட் உருகி அவற்றோடு ஒட்டிப்போயிருந்தது. கூடவே மூன்று ஃபிலிம் டப்பா. ஒன்றில் ஊக்கு, ஒன்றில் ஐந்து பைசாக்கள், மூன்றாவதில் நிஜமாகவே ஒரு ரோல், எடுத்து முடித்துவிட்டுக் கழுவாமலே, அதாவது டெவலப் செய்யாமலே விட்டது.

கழுவாத ரோல் கிடைத்தால் ஆர்வத்தில் ஃபிலிமின் நுனியைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்துவிடாதீர்கள், வெளிச்சம் பட்ட நொடியில் எல்லாம் போய்விடும். அப்படியே டப்பாவில் போட்டு மூடி, ஃபிலிம் கழுவுகிற லேபில் பழைய ரோல் என்று சொல்லிக் கொடுங்கள். எனக்கு 36இல் ஏழு வந்தது, மூடுபனிக்குள் நிற்கிற மாதிரி.

கவரையும் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் தேதி இருக்கும், ஸ்டுடியோ பெயர் இருக்கும், முக்கியமாக '12 – 3 காப்பி' என்பது போல பேனாவில் எழுதியிருக்கும். எந்தப் படத்தை பிரிண்ட் போட்டார்கள், எதை வேண்டாம் என்று விட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எந்தக் கவரில் எந்த நெகட்டிவ் இருந்ததோ அது அந்தக் கவரோடே இருக்கட்டும், கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

தொடுவதற்கு முன்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, ஆனால் சென்னையில் ஃபேன் ஓடாத அறையில் யார் உட்காருகிறார்கள்? நெகட்டிவ் பறந்து தரையில் தேய்ந்தால் விழும் கீறல் கடைசிவரை போகாது. துவைத்த பழைய வேட்டி ஒன்றை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள், பிரிண்டோ நெகட்டிவோ ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். தூசிக்கு மென்மையான காய்ந்த பிரஷ் போதும். ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் திரவம், எச்சில் எதுவும் கூடாது. எச்சில் தொட்டுத் துடைப்பதை என் பெரியம்மா செய்து நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த நெகட்டிவ்களை உடனே தனியாகப் பிரித்து வையுங்கள். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய ஃபிலிம் சிதையும்போது வரும் வாடை அது, பக்கத்தில் இருக்கிற நல்ல ஃபிலிமையும் சேர்த்துக் கெடுக்கும். அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

அடுத்த தலைவலி, 80, 90களில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வாங்கிய ஒட்டும் ஆல்பம். அட்டையில் பசைக் கோடு கோடாக, மேலே பிளாஸ்டிக் தாளோடு இருக்குமே, அது. அந்தப் பசை வருஷம் போகப் போகப் படத்தைத் தின்றுவிடும், அதிலிருந்து பிரிப்பதும் ஆபத்து. ஹேர் டிரையர் காட்டிச் சூடாக்கி உரித்தால் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் செய்தேன். வந்தது, பாட்டியின் தாடை மட்டும் அட்டையோடு தங்கிவிட்டது. பிரிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை இருக்கிறபடியே முழுசாக ஒரு ஸ்கேன் எடுத்து வைத்திருந்தால் தாடையாவது கணினியில் மிஞ்சியிருக்கும். முதலில் பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள், பிறகு பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்தின் முதுகுப்பக்கமாக நுழைத்து மெல்ல ரம்பம் போல இழுங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவே உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள்தான் முதலில் நனைந்தன. நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிட்டால் ஒரே செங்கல்லாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் சேற்றை அலசி, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்ப வேண்டும். அத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், அழுகாமல் நமக்காகக் காத்திருக்கும்.

ஸ்கேன்

பிரிண்டுக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். போஸ்ட்கார்டு சைஸ், அதாவது நாலுக்கு ஆறு அங்குலப் படத்தில் அது 2400க்கு 3600, சுமார் 86 லட்சம் புள்ளிகள், இன்னொரு பிரிண்ட் போட தாராளம். 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் தபால்தலை மாதிரி சின்னது, அதற்கு 2400க்குக் குறையக் கூடாது, மூடியிலும் விளக்கு இருக்கிற ஸ்கேனர்தான் வேண்டும். தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், உறவினர் குழுவில் அனுப்பச் சின்ன ஜேபெக் கோப்பு தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

கடையில் கொடுப்பதானால் மூன்று விஷயத்தை எழுதியே கொடுங்கள்: ஓரத்தை வெட்டாதே, கலரைத் திருத்தாதே, பென் டிரைவில் கொடு. நான் வாயால் சொன்னதோடு விட்டேன். நாற்பது படமும் முகமெல்லாம் பவுடர் போட்ட மாதிரி வழவழப்பாக வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. முகத்தைத் தானாகவே அழகாக்கித் தரும் ஆப்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன, தாத்தாவின் மூக்கை மாற்றி யாரோ ஒருவரின் தாத்தாவாக ஆக்கிவிடும். விளையாட்டுக்குச் செய்து பாருங்கள், அசல் ஸ்கேனின் மேல் மட்டும் கைவைக்காதீர்கள். சிவந்துபோன கலர் படங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம்தான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும், மிச்சம் நிற்பது சிவப்பு. அதைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

ஸ்கேனர் இல்லையா, சரி. ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர் வெயில் படாத மேஜையில் கறுப்புச் சார்ட் தாள் விரித்து, அதன் மேல் படத்தை வைத்து, போனைப் படத்துக்கு நேர் மேலே சாயாமல் பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், டியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள், பளபளப்பு அதனால்தான் வருகிறது. ஸ்கேனர் கண்ணாடியில் அடங்காத பள்ளிக்கூட குரூப் போட்டோ இருந்தால் துண்டு துண்டாக, கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று வரும்படி ஸ்கேன் செய்து ஒட்டிக்கொள்ளலாம். இது நேற்று வந்த தந்திரமில்லை. சென்னை மாகாண அரசுக்காகப் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியிருக்கிறார்.

நெகட்டிவைப் படிப்பது

பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அவசரப்படாதீர்கள். டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோ வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தை முழுசாக ஏற்றுங்கள். நெகட்டிவைத் திரையில் ஒட்டி வைக்காமல் ஓர் அங்குலம் மேலே தூக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து தெரியும். இப்போது போனின் அக்சஸிபிலிட்டி அமைப்பில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியைப் போட்டுவிட்டுக் கேமராவைத் திறந்து பாருங்கள். கறுப்பு முகமெல்லாம் வெளுத்து, வெள்ளைத் தலைமுடி கறுத்து, செத்துப்போன மாமா சிரிப்பார். கலர் நெகட்டிவுக்கு ஆரஞ்சுப் பின்னணி இருப்பதால் எல்லாம் கொஞ்சம் நீலமாகத் தெரியும், பரவாயில்லை.

ஓரத்தையும் பாருங்கள். ஃபிலிம் கம்பெனியின் பெயரும் 11, 11ஏ, 12, 12ஏ என்று எண்களும் இருக்கும். அந்த எழுத்து நேராகப் படிக்கிறபடி பிடித்தால் படமும் இடவலம் மாறாமல் இருக்கும். சில கறுப்பு வெள்ளை ரோல்களில் 'இந்து' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அது நம் ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் சரக்கு.

இப்போது ஒரே ஒரு துண்டை எடுத்து இடமிருந்து வலமாக, அடுத்தடுத்து எடுத்த படங்களாகப் பாருங்கள். என் கையில் முதலில் சிக்கியது மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவில் எடுத்தது. 11இல் கூட்டமும் கோபுரமும், ஆட்கள் எறும்பு மாதிரி. 12இல் அதே கூட்டம், இடது ஓரத்தில் சித்தியும் அவள் பெண்ணும், கூட வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக. 13இல் சித்தி பெண் மட்டும், இடுப்புவரை, கையில் ஒரு ஊதல். 14இல் கேமரா தரைக்கு இறங்கிவிட்டது, குழந்தையின் கண் மட்டத்தில், ஊதலால் உப்பிய கன்னம் படத்தில் பாதி. 15இல் 'போதும் வா' என்று இழுக்கிற சித்தியின் கை, வளையல் மட்டும் கூர்மையாக, மற்றதெல்லாம் அசைந்து கலங்கி. ஆல்பத்தில் இருப்பது 12 மட்டும்தான். கவரில் '12 – 3 காப்பி'. சொந்தக்காரர்கள் எல்லோரும் விழுந்திருந்தார்கள், அதனால் அதற்கு மூன்று காப்பி. 14ஐ நாற்பது வருஷமாக யாரும் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்தில் படம் எடுத்தவர் நாலடி முன்னால் போய், மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கிட்டே போ, குனி என்று பயிற்சி வகுப்பில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதை அந்த ஐந்து கட்டங்கள் சும்மா காட்டிவிட்டன.

நீங்களும் ஒரு நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள். எங்கே நின்று எடுத்தார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, முந்தின படத்துக்கும் இதற்கும் என்ன மாறியது. பத்துத் துண்டு முடித்தால் அவருடைய பழக்கம் பிடிபட்டுவிடும். எங்கள் வீட்டில் எடுத்தவர் எப்போதும் முதல் படத்தைத் தூரத்திலிருந்து எடுப்பார், மூன்றாவதில்தான் தைரியம் வரும்.

வீணான படங்களையும் ஒதுக்காதீர்கள். ஆக்ஃபா கிளிக் மாதிரிப் பெட்டிக் கேமராக்களில் 120 என்ற அகலமான ஃபிலிம் போடுவார்கள், சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும், பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் எண்ணைப் பார்த்து நாமே சுற்றிவிட வேண்டும். சுற்ற மறந்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். எங்கள் வீட்டில் சித்தி நிச்சயதார்த்தத்தின் மேல் உயிர் காலேஜ் (பழைய மிருகக்காட்சி சாலை) யானை நிற்கிறது. சித்தி இன்றுவரை அந்தப் படத்தை மன்னிக்கவில்லை.

யார், எங்கே, எப்போது

எங்கள் வீட்டில் எல்லாமே 'அப்பா எடுத்த போட்டோ'. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மெரினாவில் எடுத்த ஒரு சதுரப் படம். கடலுக்கு முதுகு காட்டி நாங்கள் வரிசையாக நிற்கிறோம், சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கிறது, முன்னால் மணலில் படம் எடுத்தவரின் நிழல் நீளமாக எங்கள் காலை வந்து தொடுகிறது. பிரிண்டில் அந்த நிழலைப் பாதிக்கு வெட்டிவிட்டார்கள். நெகட்டிவில் முழுசாக இருந்தது: தோளிலிருந்து காற்றில் பறக்கிற முந்தானை. அப்புறம்தான் உறைத்தது, வரிசையில் வலது ஓரத்தில் வேட்டியோடு நிற்பதே அப்பாதான்.

"இது நீயாம்மா எடுத்தே?"

"பின்னே யாரு? சீட்டுப் பணத்துல கேமரா வாங்கினதே நான். இத்தனை நாளா யாருடி கேட்டீங்க?"

அதனால் பெரியவர்களோடு உட்காரும்போது 'இது யாரு' என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் பெயரும் உறவுமுறையும் வரும், அதோடு நிற்கும். 'எங்கே நின்னு எடுத்தீங்க, அன்னைக்கு வெயிலா, பக்கத்துல யார் இருந்தாங்க, ரோல் யார் வாங்கிக் கொடுத்தாங்க' என்று கேளுங்கள், கதை தானாக வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் படம் போதும், அதற்கு மேல் அவர்களுக்கும் களைப்பு, நமக்கும் களைப்பு.

தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஊரைக் கேளுங்கள், அது சொல்லும். பின்னால் ஜெமினி மேம்பாலம் தெரிந்தால் 1973க்கு முன்னால் இருக்க முடியாது. மொட்டைமாடிப் படத்தில் டிவி ஆன்டெனா இருந்தால் 1975க்குப் பிறகு, சென்னைத் தொலைக்காட்சி வந்ததே அந்த வருஷம் ஆகஸ்டில்தான். மிருகக்காட்சி சாலை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்தால் பழசு, வண்டலூர் என்றால் 1985 அல்லது அதற்குப் பிறகு. மூர் மார்க்கெட் கட்டடம் முழுசாக நின்றால் 1985 தீ விபத்துக்கு முன். மெரினாவில் கண்ணகி சிலை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் சிலை வைத்த 1968க்கு முன், இல்லையென்றால் 2001 டிசம்பருக்கும் 2006க்கும் நடுவில். என் தங்கைக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது, பஸ்ஸின் நிறத்தை வைத்தே சண்டை போடுகிறாள்.

தெரிந்ததைப் பிரிண்டின் பின்னால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் புடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பூசிய வழுக்கும் தாளில் பென்சில் ஏறாது, அதற்குக் கவரின் மேல் எழுதிவிடுங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். பழைய தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றும் சேர்ந்து தேடித்தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கின்றன. நாம் குப்பை என்று நினைப்பதை அப்படித் தேடியிருக்கிறார்கள்.

வாரம் பன்னிரண்டே படம்

இப்போது போனை எடுங்கள். விதி இதுதான்: ஒரு வாரத்துக்குப் பன்னிரண்டு படம், கிளிக் கேமரா ரோலில் இருந்த அதே எண்ணிக்கை. அழிக்கக் கூடாது, எடுத்தவுடன் பார்க்கக் கூடாது, அடுத்த நாள் காலையில்தான். முதல் வாரம் ஐந்தாவது படத்திலேயே கை நமநமக்கும். அது போகட்டும்.

போனின் சாதாரண லென்ஸ் ரொம்ப அகலம், குரூப்பில் ஓரத்தில் நிற்பவர் முகத்தை இழுத்துவிடும். பழைய கேமராக்கள் அவ்வளவு அகலமாகப் பார்க்கவில்லை. இரண்டு மடங்கு ஜூம் வைத்து அதற்கேற்பப் பின்னால் போனால் ஆல்பத்துப் படத்தின் அளவு ஏறக்குறைய வந்துவிடும். பழைய படங்களில் ஏன் எல்லோரும் வாசலிலும் மொட்டைமாடியிலுமே நிற்கிறார்கள், ஏன் கண்ணைச் சுருக்குகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? ஃபிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். நல்ல வெயிலில் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 16இல் வைத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஃபிலிம் எவ்வளவு வேகமாக வெளிச்சத்தை வாங்கும் என்று சொல்கிற ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வை என்று ஒரு கணக்கு உண்டு: ஐஎஸ்ஓ 100 என்றால் ஒரு நொடியில் 125இல் ஒரு பங்கு. வீட்டுக்குள் வந்தால் அது கட்டுப்படியாகாது. அதனால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எல்லோரையும் வெயிலைப் பார்க்க நிறுத்தினார்கள், கண்ணும் கூசியது. போனில் அந்தக் கஷ்டம் இல்லை. ஆளை வாசல்படிக்கு உள்ளே, நிழல் முடிகிற இடத்தில், தெருவைப் பார்த்து உட்கார வையுங்கள். தெருவின் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும். இதற்கு இணையான ஸ்டுடியோ விளக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

முதல் நாலு வாரம் ஆல்பத்தில் இருக்கிற அதே இடங்களுக்குப் போங்கள். மெரினாவில் சூரியன் கடலிலிருந்து ஏறி ஊருக்குப் பின்னால் இறங்குகிறது. அதனால் காலையில் அலைக்கு முதுகு காட்டி நின்றால் கடலைப் பார்க்கிறவர்கள் முகத்தில் வெளிச்சம், சாயங்காலம் சாலைப் பக்கம் நின்றால் கடலுக்கு முதுகு காட்டுகிறவர்கள் முகத்தில் வெளிச்சமும் மணலில் உங்கள் நிழலும். அம்மா நின்ற இடம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. காலை எட்டரை மணிக்கு மேல், வெயில் இறங்கும்வரை, சென்னை வெயிலில் முகங்களை எடுக்க முயலாதீர்கள், கண் குழியெல்லாம் கறுப்பாகிவிடும். மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி நடப்பதானாலும் காசிமேட்டுக்கு விடிகாலையில் போவதானாலும் முதலில் பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள், மீன் கூடைக்கு வழி விடுங்கள், முகத்தை எடுப்பதானால் கேளுங்கள். 'எதுக்குப்பா' என்றால் காரணம் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் நகருங்கள். சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்படத் திருவிழா 2016இலிருந்து நடக்கிறது, அது வரும்போது போய்ப் பாருங்கள், ஆனால் உங்கள் பன்னிரண்டு படங்களை எடுத்துவிட்டுப் போங்கள்.

பத்திரம்

சுருக்கமாக. ஸ்கேன் மூன்று பிரதி: கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கிற அக்கா வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. கோப்புக்குப் பெயர் 1984-04-மயிலை-014 என்பது போல வருஷத்தில் தொடங்கட்டும், தானாக வரிசையில் நிற்கும். நெகட்டிவை அமிலமில்லாத தாள் கவரிலோ பாலிபுரொப்பிலீன் உறையிலோ போடுங்கள், பிவிசி உறை வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பீரோவில் நடுத்தட்டு, குளியலறைச் சுவரை ஒட்டாத பீரோ. பாச்சை உருண்டை போடாதீர்கள். பழைய கேமரா இருந்தால் அதற்குக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் போடலாம். அரிசி போடலாமா என்று கேட்பார்கள், மாவுத்தூசி லென்ஸில் ஏறும், அரிசியை சமையுங்கள்.

இனி கேமரா

இரண்டு மாதம், நூறு படம் ஆகிவிட்டதா? அப்போது வீட்டில் இருக்கிற பழைய கேமராவையே முதலில் எடுத்துப் பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரித் தெரிவது பூஞ்சை, சென்னை ஈரக்காற்றின் அன்பளிப்பு, ரிப்பேர்க்காரரிடம்தான் போக வேண்டும். பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்திருந்தால் கசிந்திருக்கிறது. பின்மூடியின் ஓரத்தில் இருக்கிற கறுப்பு ஸ்பாஞ்சு கையில் தாராக ஒட்டினால் அதை மாற்றாமல் ரோல் போட்டால் வெளிச்சம் புகுந்துவிடும். ஃபிலிமும் கழுவும் கூலியும் இன்று மலிவில்லை, மாதம் ஒரு ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த யாஷிகாவில் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். டிஜிட்டல்தான் வேண்டும் என்றால் பழையது ஒன்று வாங்குங்கள், ஒரே ஒரு லென்ஸோடு.

பன்னிரண்டில் ஒன்றையாவது பிரிண்ட் போடுங்கள், போஸ்ட்கார்டு சைஸ், பளபளப்பில்லாத மேட் தாள். படத்தில் இருப்பவருக்கு ஒரு காப்பி, வீட்டில் படம் எடுத்தவருக்கு ஒன்று. வாசல்படியில் எடுத்த தங்கை படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முகம் நல்லா வந்திருக்கு. கையை ஏன் மணிக்கட்டுல வெட்டிட்டே? ஒண்ணு முழுசா விடு, இல்ல இன்னும் கிட்ட போ."